நோர்வூட் வளைவில் 510511

மண் சரிந்து பாதை மூடிவிட்டது.
பெக்கோ வர இரண்டு மணித்தியாலமாம்.
விஜேபால அண்ணன் எஞ்சினை நிறுத்தினார்.
மீட்டரில்
ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று.

டிக்கட் புத்தக அட்டையில் வகுக்கத் தொடங்கினேன்.
இரண்டால் மிச்சம் ஒன்று.
மூன்றுக்கு இலக்கங்களைக் கூட்டினால் போதும்: பதின்மூன்று,
மிச்சம் ஒன்று.
ஐந்தைக் கேட்கவே வேண்டாம்.
ஏழு, பதினொன்று, பதின்மூன்று...
இறங்க மறந்த பயணி மாதிரி
கடைசி சீட்டில் அதே ஒன்று.

"தம்பி, என் மிச்சம்?"
ஆஸ்பத்திரித் துண்டோடு சிவனம்மா.
பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப்
பதினேழைப் போட்டேன்.
மூன்று தரம் போட்டேன். ஒன்றுதான்.

பிறகுதான் பிடிபட்டது:
இந்த ஏழையும் பெருக்கினால் ஐந்நூற்றுப் பத்தில் முடிகிறது.
ஒரு கிலோமீட்டர் முந்தி, பேக்கரியடியில் நின்றிருந்தால்
ஏழு பேரும் மிச்சமில்லாமல் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

தோட்டத்தை டிவிசனாக, டிவிசனை லயமாக,
லயத்தைக் காம்பராவாக வகுத்த மலையில்
வகுபடாத ஒன்று.
முதன்மை எண்ணேதான் என்று முடிவு கட்டினேன்.
சாதாரண தரத்தில் கணிதத்துக்கு மட்டும் ஏ எடுத்தவன்
சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

பெக்கோ வந்தது. பஸ் நகர்ந்தது.
பதினொன்று பன்னிரண்டாகி
எவருக்கும் வளைகிற இரட்டையாயிற்று.

இரவு மஸ்கெலியாவில், பஸ்ஸுக்குள் படுத்தபடி
சும்மா பத்தொன்பதைப் போட்டேன்.
போய்விட்டது.
பத்தொன்பது, தொண்ணூற்றேழு, இருநூற்று எழுபத்தேழு.
மிச்சம் ஒன்றுமில்லை.

எழுந்து டோர்ச் அடித்துக்
கடைசி சீட்டைப் பார்த்தேன்.

ஒரு குடை கிடந்தது,
இன்னும் ஈரமாக.