வலக்கை

பிப்ரவரியில் கூரைக் குழாய் வெடித்த இரவு
திருஇருதய ஆண்டவர் சுரூபத்தின் வலக்கை விழுந்தது.
மணிக்கட்டோடு, ரொட்டியைப் பிட்டதுபோல.
உள்ளே கம்பி, சணல்,
ஈரத்தில் எழுத்து கரைந்த ஒரு இத்தாலியச் செய்தித்தாள்.
விரல்களைப் பொறுக்கி
அப்பம் வந்த அட்டைப்பெட்டியில் போட்டேன்.
ஐந்தும் இல்லை. நான்குதான்.

நியூ பெட்ஃபோர்டில் இந்தக் கோயிலுக்கு நான் கோயில்பிள்ளை.
பெண்ணைக் கோயில்பிள்ளை என்று கூப்பிட
ஆறு வருடம் பிடித்தது அவர்களுக்கு.

சிகாகோ கடையின் விலைப்பட்டியலில் கை இருக்கிறது:
வலது, ஆசீர்வதிப்பது, நானூற்று இருபது டாலர், ஆறு வாரம்.
நிறம் என்ற கட்டத்தில் ஒரே நிறம்.
அதன் பெயர் 'இயற்கை'.
உண்டியலில் அறுபத்தொரு டாலர் இருந்தது,
கேப் வெர்தே காசு இரண்டும்.

செஸாரியோ, படகுத் துறைத் தச்சன்,
நான் செய்து தருகிறேன் என்றான்.
உடைத்துப்போட்ட சிப்பிப் படகொன்றின்
மாலுமி அறைக் கதவு, மஹோகனி.
மரத்தை இடுக்கியில் இறுக்கினான்.
உளிக்கு வலக்கை வேண்டும்,
ஆகவே சவரக் கண்ணாடியில் இடக்கையை உயர்த்திக் காட்டி
உள்ளே தெரிந்த வலக்கையைப் பார்த்துச் செதுக்கினான்.
அவன் இடக்கைச் சுண்டுவிரலை
வின்ச் எப்போதோ எடுத்துக்கொண்டது.
அதை மட்டும் தொமாஸாவிடம் கடன் கேட்டான்.
அவள் கிச்சேக்காரி, குவாத்தமாலா மலையிலிருந்து,
எட்டு மணிநேரம் காட் மீன் அறுப்பவள்.
சாப்பாட்டு இடைவேளையில் ரப்பர் உறையைக் கழற்றி
ஊதா நிறத்தில் விறைத்திருந்த விரலை நீட்டினாள்.
சீக்கிரம், என்றாள். மணி அடித்துவிடும்.

கை பொருந்தியது.

திருமதி ஃபுர்த்தாதோ கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.
அவள் மாமனாரின் அப்பா
அசோரஸிலிருந்து வந்து, பஞ்சாலைக் கூலியில்
இருபது மாதம் கட்டி வாங்கிய சுரூபம்.
நல்ல வேலை, என்றாள், மனதார.
பெயிண்ட் எப்போது?

பாதர் நெமேகாவும் அதையே கேட்டார்.
ஒனிட்ஷாவில் என் அம்மாவின் கட்டிலுக்கு மேலே
இதே முகம், இதே நிறம்.
அதைப் பார்த்துத்தான் படுத்தேன், அதைப் பார்த்துத்தான் எழுந்தேன்.
கையும் முகமும் ஒத்துப்போகட்டும், என்றார்.
சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார்.
எதற்கென்று தெரியவில்லை,
கடிகாரமாகவும் இருக்கலாம்.

தவசு காலம் முடியப்போகிறது. சுரூபங்களுக்கு ஊதாத் துணி போர்த்தினேன்.
உயர்த்திய கை துணியைக் கூடாரமாக்கியது.
சக்கிறீஸ்து அலமாரியில் பழைய டப்பா ஒன்று:
மூடியில் துரு, துருவுக்குக் கீழே 'தோல் நிறம்'.
கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன்.
மேலே ஏடு. ஏட்டைக் கிழித்தால்
உள்ளே ஈரமாக, இளஞ்சிவப்பாக,
போதும் போதும் என்கிற அளவு.
மூடினேன்.
காய்ந்துபோய்விட்டது பாதர், என்றேன்.
புதிது வாங்கக் கடை திறக்க, பெரிய சனி தாண்டிவிடும்.

பாஸ்கா இரவு விளக்கெல்லாம் அணைத்து
நெருப்பு கைமாறிக் கைமாறி வந்தது.
துணியை நான்தான் இழுத்தேன்.
முகம் பழைய முகம்.
கை மட்டும் வேலையிலிருந்து நேராக வந்ததுபோல இருந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை; அன்றிரவு
சொல்ல வேண்டியது எல்லாம் அல்லேலூயாதான்.
தொமாஸா சுண்டுவிரலைத் தேடிக் கண்டுபிடித்து
சிரிப்பு வந்து, மெழுகுத்திரியை ஊதி அணைத்துவிட்டாள்.
பக்கத்திலிருந்த பையனிடம் மறுபடி நெருப்பு வாங்கினாள்.
செஸாரியோ வரவில்லை. படகு கடலில்.
திருமதி ஃபுர்த்தாதோ எப்போதும்போல
இடது பாதத்தை முத்தி செய்தாள்.
கையைப் பார்க்காமலிருக்கப்
பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம்.
ஒரு பொய், பாதர். பெயிண்ட் பற்றி.
கிராதிக்கு அப்பால் நெடுநேரம் மூச்சு மட்டும்.
மூன்று அருள்நிறை மந்திரம் சொல், என்றார்.
பிறகு,
நான் எழுந்து ஒரு முழங்கால் நிமிர்ந்த பிறகு,
அந்த டப்பா,
அதன் மூடியைத் திறந்தே வை, என்றார்.