நாற்பத்தொன்றாவது அட்டை

பகாவிலிருந்து ஆறாங்கட்டை.
செம்பனை ஆலையின் தராசு மேடைக்கு எதிரே
ஏர்கோன் சொட்டும் என் கண்ணாடி அறை.
இரவு ஷிஃப்ட்.
லோரி ஏறும், எண் துடித்து நிற்கும்,
கொட்டிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி ஏறும்.
பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால்
மிஞ்சுவது குலை.
பதினோரு வருஷமாய் என் சம்பளம்
இந்த ஒரு கழித்தலுக்குத்தான்.

இரண்டு லோரிகளுக்கு நடுவே
கீறல் விழுந்த போனில் டெக் கட்டுகிறேன்.
நாற்பது அட்டை என்பது சட்டம்.
என்னிடம் நாற்பத்தொன்று.

ஒரு சக்திக்கு எறும்புகள், எட்டு.
இரண்டுக்கு வேலி, மூன்றுக்கு நச்சுக்கொடி.
நேற்று மூன்று தங்க அட்டைகளைத் தூளாக்கி
அந்தத் தூளில் செய்தெடுத்த மின்னல் ஆந்தை
வாசலில் நிற்கிறது, உள்ளே இடமில்லை.
கடைசி வரிசையில், எட்டுச் சக்திக்கு,
சேற்று யானை.

முதல் ஓவர்டைம் காசில்
பத்து ரிங்கிட் டாப் அப் போட்டுப் பிரித்த பொட்டலத்தில்
வந்தது அது.
களத்தில் இறங்கினால் போனே நடுங்கும்.
அதற்காகவே சில ஆட்டங்களில்
எட்டாம் சுற்று வரைக்கும் சாகாமல் இருந்திருக்கிறேன்.

ஆனால் எடைச்சீட்டின் பின்பக்கம் குறித்திருக்கிறேன்:
ஆடியவை இருபது.
யானை கைக்கு வந்தவை ஒன்பது.
அதில் தோற்றவை ஏழு.

வெளியே ரேம்ப்பில்
ரஃபிகுல் கொக்கியால் குலைகளைப் புரட்டுகிறான்.
"மெந்தா" என்றால் ஓரம்.
லோரிக்காரர் முறைத்தாலும் ஓரம்.
அவனுக்கு ஒரு குலைக்கு ஒரு நொடி.
எனக்கு மூன்று ராத்திரி ஆனது.

எடுத்துவிட்டேன்.

அப்புறம் ஏறினேன் பாருங்கள்!
பிளாட்டினம். டைமண்ட் நாலு. டைமண்ட் இரண்டு.
எறும்புகள் ஐந்தாம் சுற்றிலேயே கதையை முடித்தன.
கேண்டீனில் தே ஓ ஆறிப்போக
மாதக் கடைசிக்குள் முதல் ஐந்நூறு என்று
யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

முப்பதாம் தேதி, விடிகாலை மூன்று நாற்பது.
லைன் ஒரே கோடு.
எதிரில் 'ஊலார் சாவா' என்ற பெயரில் யாரோ.
முதல் சுற்றில் எறும்பு வைத்தான்.
நானும் எறும்பு.
அவன் வேலி, நான் வேலி.
அவன் இறக்கிய ஒவ்வொன்றும்
என் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது.
கண்ணாடியோடு சண்டை போட்டால்
முதலில் சலித்தவர்தான் தோற்பார்;
நான் சலிக்கவில்லை.
ஆறு, ஏழு, இரண்டு பேரின் கையும் காலி.

எட்டாம் சுற்று.
அறை அதிர்ந்தது.
லோரியா, யானையா என்று
ஒரு கணம் தெரியவில்லை.

இரண்டும்.

மேடையில் வேலப்பன் ஹார்ன் அடிக்கிறார்.
திரையில் என் நேரத்தின் கயிறு எரிகிறது.
முப்பத்தோராயிரத்து நானூற்று எண்பது கிலோ.
அச்சடித்தேன், கிழித்தேன், ஜன்னல் வழியே நீட்டினேன்.
"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி?"
"யானை மிதிச்சிருச்சுண்ணே."
சிரித்துக்கொண்டே கியர் போட்டார்,
இந்தப் பக்கம் செம்பனைக் கன்றைத் தின்ன
நிஜமாகவே வருவதுண்டு.

திரும்பினால் எல்லாம் முடிந்திருந்தது.
'நல்ல ஆட்டம்' என்று அவன் அனுப்பியிருந்தான்.
நானும் அனுப்பினேன், கொஞ்சம் தாமதமாக.

அவன் காட்டியவை இருபத்தேழு.
இருபத்தாறு என்னுடையவை, இருபத்தேழாவது யானை.
காட்டாத பதின்மூன்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?
ஆந்தை கடைசிவரை வரவில்லை.
அடியில் எங்கோ தூங்கியதா,
இல்லை, யானைக்காக அவன் எடுத்துப் போட்டது அதுதானா?

பட்டியலைத் திறந்து
மேலிருந்து விரலால் இழுக்கிறேன்.
எதை எடுக்க?

காலி லோரி
மறுபடி மேடை ஏறுகிறது.