இரண்டு புள்ளி நான்கு

அஞ்செட்டி தாலுகா ஆபீசின் பின்புறம்
கம்பிவேலிக்குள் நிற்கிறது மழைமானி.
காலை எட்டரைக்கு அதைத் திறப்பது என் வேலை.
புட்டியில் இருப்பதைக் கண்ணாடி அளவையில் ஊற்றி
கண்மட்டத்துக்குத் தூக்கி
குழிந்த நீரின் அடிவயிற்றைப் பார்த்து எண் சொல்ல வேண்டும்.
மாசி முழுக்கச் சுழி.
பங்குனி முழுக்கச் சுழி.
சித்திரை பிறந்ததும்
செத்த சிலந்தி ஒன்று.

நேற்று மூன்று மணிவரை காற்றே இல்லை.
வேப்பம்பூ விழுந்தது விழுந்த இடத்தில் கிடந்தது.
தொட்டஹல்லா மணலில் ஊற்று தோண்டியவர்கள்
தோள்வரை கைவிட்டு ஈரம் தேடினார்கள்.
ஜெராக்ஸ் கடை சித்தலிங்கு சொன்னான்:
"இப்படிப் புழுங்கினா ஒண்ணு மழை, இல்லன்னா சாவு."
அவன் எதற்கும் அப்படித்தான் சொல்வான்,
தேர்தலுக்கும் சொன்னான்.

நாலு மணிக்கு மேற்கே மேகம்,
ராயக்கோட்டை மண்டியில் லாரி ஏற்றும் காலிபிளவர்போல
ஒன்றின் தலையில் ஒன்று பொங்கிக்கொண்டு.
அடி மட்டும் தீய்ந்த களிச்சட்டி.
அதிலிருந்து மழை தொங்கியது, நன்றாகத் தெரிந்தது,
மலைக்கு மேலேயே அந்தரத்தில் முடிந்துபோனது.
பாதி வழியில் வெயில் குடித்துவிட்டது.

முதலில் குளிர்.
பிறகு மண்வாசம், யார் காட்டிலோ பெய்ததன் வாசம்.
பிறகுதான் காற்று.
பஸ் ஸ்டாண்டுத் தகரம் ஒன்று
கழுத்துயரத்தில் தெருவைக் கடந்து
ஒருவரையும் தொடாமல்
பரோட்டாக்கடை வாசலில் போய் உட்கார்ந்தது.
கரண்ட் போனது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள் என்று
கிருஷ்ணகிரியில் பயிற்சி கொடுத்திருந்தார்கள்,
ஒரு டீ, இரண்டு பிஸ்கட்.
எண்ணினேன்.
ஏழு.
நாலு.
அடுத்தது, வாய் திறக்கும் முன்பே.

பெரிய துளிகள், ஒவ்வொன்றாகப் பேர் வைக்கலாம்.
நாலைந்து ஆலங்கட்டி,
பிள்ளைகள் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டன.
பதினோரு நிமிஷம். அவ்வளவுதான்.

நாட்றாம்பாளையம் பாதையில்
கெம்பராஜ் பதினெட்டு ஆட்டோடு புளியமரத்தடியில் ஒதுங்கியிருந்தார்.
மழைக்கு இல்லை, அங்கே மழையே இல்லை.
காற்றுக்கு.
நாலு ஆடு மட்டும் நிற்காமல்
காய்ந்த ஓடைக்குள் இறங்கிவிட்டன,
எப்போதும் அடங்காத அதே நாலு.
அவற்றின் தாயைத் திட்டிக்கொண்டே பின்னால் இறங்கினார்.
பாதித் திட்டில் வெளிச்சம்.

மரம் நிற்கிறது.
உச்சியிலிருந்து வேர்வரை
ஒரு விரற்கடைப் பட்டையைக் காணோம்.
சுற்றிலும் பதினாலு ஆடு,
அசைபோடப் படுத்ததுபோல.

ஓடிப் பார்க்கக்கூட நேரமில்லை.
ஒரு சொட்டும் விழாத அந்த ஓடையில்
மேலேயிருந்து சருகு தள்ளிக்கொண்டு செந்தண்ணீர் வந்தது,
முன்னால் ஒற்றைச் செருப்பு.
இரண்டை இடுக்கி, இரண்டை உதைத்து
பாறைமேல் ஏற்றினார்.
இருட்டும்வரை அங்கேயே நின்றார்,
நாலோடும்,
எதிர்க்கரையில் பதினாலைப் பார்த்துக்கொண்டும்.

இன்று எட்டரைக்கு ஊற்றினேன்.
இரண்டு புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
அடியில் செம்மண் கொஞ்சம்; அதற்குப் படிவத்தில் இடமில்லை.
குழுவில் அனுப்பியதும் கலெக்டர் ஆபீசிலிருந்து
ஒரு கட்டைவிரல், ஒரு குடை.
"அஞ்செட்டியில் கோடைமழை, மக்கள் மகிழ்ச்சி" என்று
பதினோரு மணிக்குள் செய்தியே வந்துவிட்டது.

பன்னிரண்டுக்கு நிவாரண மனுவோடு கெம்பராஜ்.
இடது காதில் வண்டு நிற்கவே மாட்டேன் என்கிறதாம்,
வலதுபக்கம் வந்து பேசச் சொன்னார்.
கால்நடை டாக்டர் பார்த்துச் சான்று தரவேண்டும், புதைத்துவிடாதீர்கள் என்றேன்.
இந்த வெயிலில் எத்தனை நாள் என்றார்.
பதில் தெரியவில்லை.

"எவ்வளவு மழைன்னு எழுதினீங்க?"
சொன்னேன்.
அவருக்கு எண் பிடிபடவில்லை.
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து
இவ்வளவா என்றார்.
இன்னும் கம்மி.
நெருக்கினார்.
இன்னும்.
விரல் இரண்டும் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டன.
அந்த இடுக்கு வழியாக என்னையே பார்த்தார்.

வெளியே கேட்டில் கட்டியிருந்த நாலும்
ஆபீஸ் காகிதப்பூச்செடியைப் பாதி தின்றிருந்தன.