பதிவேட்டின் பின்பக்கம்

காலை ஆறு மணிக்கு
வெண்ணாறு எவ்வளவு, கோரையாறு எவ்வளவு, பாமணியாறு எவ்வளவு.
நீடாமங்கலம் மூணாறு தலைப்பில்
பதினோரு வருடமாக நான் எழுதுவது இதைத்தான்.
அளவுகோலில் பாசி படிந்திருந்தால்
விரலால் துடைத்துவிட்டுப் படிப்பேன்.
சந்தேகமென்றால் குனிந்து இன்னொரு தரம்.

மகனை அப்படி ஒருநாளும் படித்ததில்லை.

கவினேஷுக்கு எட்டு வயது.
மூன்றாம் வகுப்பு டைரியில் சிவப்பு மை:
இருக்கையில் இல்லை.
வீட்டுப்பாடம் இல்லை.
பென்சில் இல்லை.
ஜூலையில் மட்டும் பதினாலு இல்லை.

மன்னார்குடி பஸ்ஸில் புத்தகப்பையை விட்டுவிட்டு
வாட்டர் பாட்டில் மூடியை மட்டும்
பத்திரமாகக் கொண்டுவந்த அன்று அடித்தேன்.
அழுதுகொண்டே
என் சட்டையில் ஒரு பித்தான் தொங்குவதைச் சொன்னான்.

கொழுப்பு என்றார் மச்சான்.
செல்லம் என்றது பக்கத்து வீடு,
சுகந்தியைப் பார்த்து.
என்னைப் பார்த்து யாரும் சொல்லவில்லை.

தஞ்சாவூர் மெடிக்கலில் ஒரு படிவம் தந்தார்கள்.
எப்போதும், அடிக்கடி, சில சமயம், இல்லவே இல்லை.
ஒன்றில் டிக் போட வேண்டும்.
"பொருட்களைத் தொலைப்பானா?" சுகந்தி வாசித்தாள்.
நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அது என் காதில் இருந்தது.
அவள் படிவத்தைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
சிரிக்காமல் கை நீட்டிப் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

கவனக் குறைவு என்றார் டாக்டரம்மா,
துறுதுறுப்பு மிகை என்றார்.
குறைவா?
போன வாரம் முழுசாய் முக்கால் மணி நேரம்
மூன்றாம் மதகில் சுழன்ற ஆகாயத்தாமரையைப்
பார்த்தபடி நின்றானே,
சாப்பிடக் கூப்பிட்டது கேட்காமல்?

என் வேலை என்னவென்று கேட்டார். சொன்னேன்.
"தண்ணி இல்லாம இல்லங்க.
ஷட்டர்தான் அவன் கைக்கு அடங்கல."

அவருக்கு ஷட்டரைத் தெரியாது. எனக்குத் தெரியும்.
துருவேறிய திருகைச் சுற்ற இரண்டு ஆள் வேண்டும்.
இத்தனை நாளும் அவனை ஒற்றை ஆளாய்ச் சுற்றவிட்டுக்
கரையில் நின்று திட்டியிருக்கிறோம்.

சத்தத்தை வைத்தே
எந்த மதகு திறந்திருக்கிறதென்று சொல்வான் என்று
கொஞ்சம் பெருமையாகவும் சொல்லிவைத்தேன்.
"நல்லது. ஆனா செருப்பு மாட்டவும்
பக்கத்துல ஒரு ஆள் வேணும் அவனுக்கு"
என்றபடி அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

அன்றிரவு பழைய பதிவேட்டைத் திருப்பிப் போட்டு
பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன்.
ராத்திரிச் சாப்பாடு: நடுவில் எழுந்தது ஏழு முறை.
வாய்ப்பாடு: நடந்துகொண்டே சொன்னால் எட்டு வரை,
உட்காரவைத்தால் மூன்று.
செவ்வாய்: ஒரு நேரத்தில் ஒரு வேலை சொன்னேன். செய்தான்.
புதன்: அதே மாதிரி சொன்னேன். செய்யவில்லை.
வியாழன்:
எழுத மறந்தது நான்.

மதகுப் பாலத்தில் ஒருநாள் கேட்டேன்,
பாடம் நடக்கும்போது உள்ளே என்னடா ஆகுது?
கம்பியில் தொங்கியபடி சொன்னான்:
"எல்லாம் ஒரே நேரத்துல கூப்பிடுதுப்பா.
டீச்சரும்தான் கூப்பிடுறாங்க.
அவங்க குரல் சின்னது."

கடைமடைக்கு வந்து சேரலையென்று
முத்துப்பேட்டைப் பக்கமிருந்து ஆட்கள் வருவார்கள்.
எங்களைத் திட்டுவார்கள், ஆபீசைத் திட்டுவார்கள்.
ஆற்றை யாரும் அடித்ததில்லை.

ஃபெலிசிட்டா டீச்சரைப் போய்ப் பார்த்தேன்.
"நாப்பத்திரண்டு பேர் சார் எனக்கு" என்றார்.
அதுவும் உண்மை.
திங்கள்கிழமையிலிருந்து
நோட்டு விநியோகிக்கும் வேலை அவனுக்கு.
மாத்திரை காலையில் ஒன்று.
மதியச் சோறு பாதி அப்படியே திரும்பி வருகிறது.
அதையும் எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் இடதுகால் செருப்போடு மட்டும் வந்தான்.
இன்னொன்று எங்கேடா?
"தெரியலப்பா."
முதல் தடவையாக அதை நம்பினேன்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும்
தேடிக்கொண்டே இரண்டுபேரும் போய்வந்தோம்.

செருப்பு, வரத்து: ஒன்று.