ஐந்து விரல்

காவேரிப்பட்டணம் தாண்டி
மாங்கூழ் கம்பெனியில் தொட்டி கழுவுகிறவள் நான்.
பெங்களூரா லோடு வந்து நிற்கும்வரை
ராத்திரி முழுக்கக் காஸ்டிக் சோடாவும் வெந்நீரும்.
சித்திரையில் இருந்த ரேகை
ஆடியில் கையில் இருப்பதில்லை.
போன மாதம் ரேஷன் கடை மெஷின்
என்னை யாரோ என்றது.

கடைசி அலசலில்
லேப் பையன் மாதேஷ் துண்டுக் காகிதம் நனைப்பான்.
நீலம் காட்டினால் இன்னொரு தண்ணீர்.
காட்டாவிட்டால் டீ.

மூன்றாம் வெள்ளி.
கம்பெனி பாத்ரூமிலேயே
வேண்டுதல் புடவையைச் சுற்றிக்கொண்டேன்,
கிழங்கு மஞ்சள் அரைத்து முக்கி
ரெண்டு வெயில் காய வைத்தது.
கையை எதில் துடைத்தேன் என்று
யாருக்கு ஞாபகம்.

மாரியம்மன் கோவில் வரிசையில்
பின்னால் நின்ற பச்சியம்மா முதலில் இருமினாள்.
அப்புறம் தன் முந்தானையால்
என் இடுப்புக்குக் கீழே மறைத்தாள்.
"வூட்டுக்குப் போயிடு. யாரும் பாக்கல."

பார்த்துவிட்டார்கள்.
தர்மகர்த்தா தொண்டையைச் செருமினார்.
மேளம் நின்றது.
எனக்கு முன்னால் இடம் காலியானது,
பின்னாலும்.

கொசுவத்தை முன்னால் இழுத்துப் பார்த்தேன்.
ரேஷன் மெஷினுக்குத் தெரியாத
என் ஐந்து விரலும்
பளிச்சென்று சிவப்பாக.

சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சையை
எட்டிப் பிடுங்கி
அங்கேயே பிழிந்தேன்.
வெடித்த உள்ளங்கை எரிந்த எரிச்சலில்
கண்ணை மூடித் திறப்பதற்குள்
ஒவ்வொரு விரலாக
மஞ்சளுக்குள் போய்விட்டது.

ஒரு குலவை. பிறகு பத்து.
ரெண்டு பேருக்கு அருள் வந்துவிட்டது.
"காஸ்டிக்குங்க, வேற ஒண்ணுமில்ல" என்றேன்.
மேளத்தில் யாருக்குக் கேட்கும்?
செருமிய அதே தொண்டையால்
தர்மகர்த்தா வாக்குக் கேட்டார்:
"ஆத்தா, போர்ல தண்ணி வருமா?"
வரும் என்றேன்.
வேறென்ன சொல்ல.

தட்டில் குங்குமம் வந்தது.
பூசாரி வீட்டில்
மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்து இடித்தது.
அதே சிவப்பு.
ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

நிஜத்தில் அன்று எனக்கு இரண்டாம் நாள்.
எலுமிச்சை அதைக் கேட்கவில்லை.
உள்ளே சிவப்புப் பட்டில் நின்றவளும்
கேட்கவில்லை.