பாக்கெட் வைத்த நைட்டி

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில்
பகல் என்பது பதினோரு மோட்டார்களின் இரைச்சல்.
அதில் நான்கு என்னுடையவை.

செய்யதலி பாத்திமா என்று
கடன் பத்திரத்தில் எழுதியிருக்கும்.
மற்றபடி எல்லாருக்கும் 'நைட்டி பாத்திமா'.
பட்டப்பெயருக்கு ஜி.எஸ்.டி. கிடையாது,
வைத்துக்கொண்டேன்.

முதலில் பாக்கெட் இல்லாமல்தான் தைத்தோம்.
நைட்டிக்கு எதற்குப் பாக்கெட்?
உருப்படிக்கு ஆறு அங்குலத் துணி நட்டம்.

வீரவநல்லூரிலிருந்து ஒரு குரல் வந்தது,
வாட்ஸப்பில், நாற்பது நொடி.
"யக்கா, நான் சக்கர நாற்காலில இருக்கேன்.
ரெண்டு கையும் சக்கரத்துல. போன எங்க வைக்க?
மடியில வச்சா நழுவுது.
விழுந்தா எடுக்க ஆளத் தேடணும்.
வலப்பக்கம் ஒரு பை வையுங்க,
கை போற எடத்துல."

கை போகிற இடம் எது?
தாளில் வரைந்து பார்த்தேன், பிடிபடவில்லை.
வீடியோவில் வந்தாள். உச்சிமாகாளி என்று பெயர்.
அங்கே அவள் கையைத் தொங்கவிட்டுக் காட்ட
இங்கே முப்பிடாதி ஸ்டூலில் உட்கார்ந்து
அதே கையைத் தொங்கவிட்டாள்.
விரல் நின்ற இடத்தில் சாக்பீஸ் கோடு.

முப்பிடாதிக்குக் காது கேட்காது.
வேலைக்குக் கூட்டிவந்த அண்ணன் சொன்னான்:
"சொன்னா புரியாதுக்கா."
அதுவரை சொல்லித்தான் பார்த்திருக்கிறார்கள்,
யாரும் காட்டிப் பார்க்கவில்லை.
இப்போது சுவரில் ஒரு பழைய டேப்.
ஆர்டர் படமாக வந்து விழும்.
குரலாய் வந்தாலும் எழுத்தாக்கிவிடும்,
எங்கள் பேச்சை மட்டும் தப்பும் தவறுமாக.
'ஏளா' என்றால் 'ஏலம்' என்று எழுதும்.
முப்பிடாதி விழுந்து விழுந்து சிரிப்பாள்.
காஜாவுக்கு ஒரு சைகை, ஜிப்புக்கு ஒன்று.
பாக்கெட்டுக்கு, உள்ளங்கையைக் குவித்து இடுப்பில் ஒரு தட்டு.
நாலு மோட்டார் இரைச்சலில்
தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நாங்கள்
அவள் மொழிக்கு மாறிவிட்டோம்.

பாக்கெட் பரவியது.
முக்கூடலில் பீடி சுற்றுகிறவள் கேட்டாள்,
களக்காட்டில் வாழைத்தார் கணக்கெழுதுகிறவள் கேட்டாள்.
அதுவரை போனை எங்கே வைத்திருந்தார்களாம்?
அரிசிப் பானைமேல்,
ஜன்னல் திண்டில்,
புருஷன் சட்டைப்பையில்.

என் போன் தலையணைக்கு அடியில்.
பதினொன்றுக்கு 'ரேட் என்ன?'
மூன்று மணிக்கு மலேசியாவில் விடிந்துவிடும்:
'மெரூன் இருக்கா?'

ஒருநாள் என் மகன் ஜமீல்,
மூன்றரை வயது, என்னிடம் பேச வந்தான்.
என் கையை விரித்தான்.
உள்ளங்கை நடுவில் கட்டைவிரலை அழுத்தினான்.
அழுத்தியபடியே சொன்னான்:
"உம்மா, பசிக்குது."
பிறகு விரலை எடுத்துவிட்டு
பதிலுக்குக் காத்து நின்றான்.

அன்றைக்கே எழுதி வைத்தேன்:
'இரவு எட்டு முதல் காலை எட்டு வரை
கடை தூங்கும். நீங்களும் தூங்குங்கள்.'
இப்போது இதை மிஷினே சொல்கிறது,
என்னைவிடப் பணிவாக.

சும்மா சொல்லக் கூடாது, நட்டமும் வந்தது.
தூத்துக்குடி மொத்த வியாபாரி
பெருநாள் சமயம் பார்த்து
முந்நூறு உருப்படியைப் பத்தரைக்குக் கேட்டு
பத்து நாற்பதுக்கு வேறிடம் கொடுத்துவிட்டார்.
காலையில்தான் பார்த்தேன். வயிறு எரிந்தது.
என்ன என்று கேட்டாள் முப்பிடாதி, விரல்களால்.
முந்நூறு என்று காட்டினேன்.
போய்விட்டது என்று காட்டினேன்.
அவள் சுவர்க் கடிகாரத்தைச் சுட்டினாள்,
கன்னத்தில் கைவைத்துக் கண்மூடினாள்,
பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டு
ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.

நேற்று ராத்திரி ஒன்பது இருக்கும்.
என் நைட்டிப் பாக்கெட்டில் கைவிட்டேன்.
ஒரு புளியமுத்து,
பாதி கடித்த முறுக்கு,
நூல் தீர்ந்த கண்டு.
வைத்தவன் மடியில் தூங்குகிறான்.
என் மற்றக் கையின் நடுவில்
அவன் கட்டைவிரல்.
என்ன சொல்லத் தொடங்கினானோ,
அழுத்திய விரலை
இன்னும் எடுக்கவில்லை.