அச்சுவேலியில் ஒரு பம்புக்கு ஏர்த் அடித்தது

சுன்னாகத்துப் பழைய இரும்புக்காரரிடம்
நிறைக்கு வாங்கினதாம்.
நூற்றிப் பதினாலு கிலோ.
மேலே வைக்கும் கண்ணாடிக் குடம் கணக்கில் சேரவில்லை;
அதை அமலதாசன்
ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான்,
பள்ளம் வரும்போதெல்லாம் தன் மூச்சைப் பிடித்தபடி.

பெயின்ற் அவன் வேலை. முடித்துவிட்டான்.
சிவப்பு, இடுப்பில் ஒரு மஞ்சள் வரி.
வெளிச்சம் என் வேலை.

பக்கத் தகட்டில் ஆறு திருகாணி.
நாலு வந்தன.
ஐந்தாவதுக்கு மண்ணெண்ணெய் விட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.
ஆறாவதை அறுத்தேன்.

உள்ளே, ஹோல்டரின் வாய்க்குள்,
சரியாக பல்ப் இருக்கவேண்டிய இடத்தில்
குளவி கட்டின மண்வீடு.
நூல் சுற்றின வயர்
தொட்டதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.
எது சிவப்பு, எது கறுப்பு?
இரண்டும் இப்போது எலிப்புழுக்கையின் நிறம்.

முள்ளு மூன்றேகால் கலனில் நிற்கிறது.
ஆருக்கு அடித்த மூன்றேகால்?
"அதைத் தொடாதை" என்றான்.
தொடவில்லை. நான் வயர்காரி,
முள்ளு என் கணக்கில்லை.

பிறகுதான் கண்டேன்.
குடத்துக்கு ஏறும் வயரில், நடுவில், ஒரு ஒட்டு.
மேல்பாதி பழைய தடிப்பு.
கீழ்ப்பாதி மெல்லிசு,
சைக்கிள் டைனமோவில் இருந்து லைற்றுக்குப் போகுமே, அது.
அடித்தகட்டு ஓட்டையால் வெளியே வந்து
அறுந்து கிடந்தது.
ஒட்டின்மேல் ரேப் இல்லை,
புண்ணுக்குப் போடும் பிளாஸ்ரர்.

கரண்டும் இல்லாமல் பெற்றோலும் இல்லாமல் போன வருசம் ஒன்றில்
ஆரோ சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி
மிதித்து மிதித்து
இந்தக் குடத்தை எரித்திருக்கினம்.

விற்க ஒரு சொட்டு இல்லை. பிறகென்னத்துக்கு?
சோதினைக்குப் படிக்கவோ?
கடதாசி விளையாடவோ?
"காதலாக்கும்" என்றான் அமலதாசன்.
நிப்பாட்டினால் இருட்டு;
ஒருத்தர் மிதித்துக்கொண்டே இருக்கவேணுமே,
அதில் என்ன காதல் என்றேன்.
"அதிலைதான்" என்றான்.
அந்தக் குறடை எடு என்றேன்.

ஒட்டில் ஏழு சுற்று, இடப்பக்கமாக முறுக்கினது.
வலக்கைக்கு அப்படி வராது.
ஆணோ பெண்ணோ தெரியாது,
இருக்கிறாரோ இல்லையோ தெரியாது,
இடக்கை தெரியும்.
வெட்டிச் சட்டைப் பையில் போட்டேன்.
பில்லில் எழுதவில்லை.

அவனுக்கு நிறம் மாறுகிற பல்ப் வேணுமாம்.
கலியாணவீடு வேறை, பம்ப் வேறை என்றேன்.
மண்ணிறம், நீலம், பச்சையில் மஞ்சள்:
மூன்று புது வயரும் குழாய்க்குள்ளால்
முனகிக்கொண்டு ஏறின.

முழுக்க இரும்பு உடம்பு.
கடைவாசலில் மழைக்குள் நிற்கப்போகிறது,
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையள் சாய்ந்துநின்று
ஐஸ்பழம் சூப்பப்போகுதுகள்.
ஏர்த் இல்லாமல் சுவிச் போடமாட்டேன்.

கம்பி நாலடி.
ஒன்றரை அடியில் நின்றது. சுண்ணக்கல்.
சம்மட்டி திரும்பிவந்து
என் தோளை விசாரித்தது.
இரண்டாவது இடத்தில் இரண்டடி.
மூன்றாவது, கிணற்றுத்தண்ணி ஓடுகிற வாழையடி;
அங்கே, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில்
ஏதோ ஒரு வெடிப்பு மனமிரங்கினது.

அறுபத்தெட்டு ஓம்.
கரியும் உப்பும் போட்டு மூன்று வாளி ஊற்ற
இருபத்திரண்டு.
போதும்.

பின்னேரம் ஆறேகாலுக்குக் குடம் பால்நிறத்தில் எரிந்தது.
நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.
குளவி ஒன்று வந்து
கண்ணாடியை மூன்றுமுறை சுற்றிப் பார்த்தது.
ரோட்டில் ஒரு மோட்டார்சைக்கிள் மெதுவாகி,
பார்த்து,
போனது.

பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன்:
பங்குனி, சித்திரையில் கம்பியடிக்குக்
கிழமைக்கு ஒரு வாளி.

"பெற்றோல் பம்புக்குத் தண்ணி ஊத்திறதோ!"
வயிறு குலுங்கச் சிரித்தான்.

நான் ஏணியைக் கட்டிக்கொண்டு புறப்படும்போது
வாளி கிணற்றில் இடிபடும் சத்தம் கேட்டது.
மாதம் மார்கழி,
நிலமெல்லாம் ஈரம்.